அத்தீனா போட்டுக்கொண்ட அப்பாவின் சட்டை

அனைவருக்கும் வணக்கம்.

கிரேக்கத் தெய்வம் போல உடுத்தி வாருங்கள் என்றால் முக்கால்வாசிப் பேர் வெள்ளைப் போர்வை ஒன்றைத் தோளில் முடிந்துகொண்டு, தலையில் தங்க நிற இலை வளையம் வைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். மாறுவேடப் போட்டிக்கு அது போதும். நான் பேச வந்திருப்பது திங்கட்கிழமை காலை பஸ் பிடித்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் உடுத்தும் உடுப்பைப் பற்றி. அதற்கும் கிரேக்கப் புராணத்தில் சரக்கு ஏராளமாக இருக்கிறது. அந்தக் கதைகளில் துணிமணிக்கு நிறைய வேலை உண்டு. இடுப்புப் பட்டை ஒரு தெய்வத்தை மயக்குகிறது, சட்டைக்குக் குத்திய ஊசி ஒருவன் கண்ணைப் பறிக்கிறது. ஆகவே நான் சொல்லும் வழி இதுதான்: ஒரு நாளைக்கு ஒரு கதை. அந்தக் கதையில் துணி என்ன செய்ததோ அதிலிருந்து ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் உங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருப்பதுதான்.

முதலில் அந்த வெள்ளையை விட்டு வெளியே வருவோம். ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் ஃபிராசிக்ளியா என்ற இளம்பெண்ணின் சிலை நிற்கிறது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரோஸ் தீவுக்காரரான அரிஸ்தியோன் செதுக்கியது. மணமாகாமல் இறந்துபோன பெண்ணின் கல்லறைமேல் நிற்பதற்காகச் செய்த சிலை. நூற்றாண்டுக்கணக்கில் மண்ணுக்குள் கிடந்து 1972இல் வெளியே வந்தது. மூடிக் கிடந்ததால் வண்ணம் நிறையத் தப்பியிருந்தது. சிவப்பு அங்கி, அதில் பூ வடிவங்கள், வளைந்து வளைந்து போகும் கரை, தலையில் தாமரை மொட்டுக் கிரீடம், காதிலும் கழுத்திலும் நகை. இதுதான் கிரேக்கப் பெண் ஒருத்தி என்றென்றைக்கும் உடுத்தியிருக்கட்டும் என்று அவள் வீட்டார் தேர்ந்தெடுத்த உடுப்பு. நாம் பார்த்துப் பழகிய பளிங்கு வெள்ளை, சாயமெல்லாம் போன பிறகு மிஞ்சியது.

எனவே நிறத்திலிருந்து தொடங்குங்கள். விடியலின் தெய்வமான ஈயோஸைப் பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் குங்குமப்பூ மஞ்சளில் உடுத்திவிடுகிறார். ஏதென்ஸ் பெண்கள் தங்கள் ஊரின் காவல் தெய்வமான அத்தீனாவுக்காகத் தறியில் நெய்து, பானதெனாயா திருவிழாவில் ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆடையிலும் அந்த மஞ்சள் இருந்தது. தெய்வங்கள் அரக்கர்களோடு போரிட்ட காட்சியை அதில் நெய்திருந்தார்கள். மஞ்சள் பருத்திச் சேலையோ குர்த்தியோ உங்களிடம் கட்டாயம் இருக்கும். காலை வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கிரேக்க நிறம் எனக்குத் தெரியவில்லை.

பயிர்த் தெய்வம் டிமீட்டர், அவள் மகள் பெர்சிஃபனி கதையை எடுங்கள். மகள் புல்வெளியில் ரோஜாவும் ஐரிஸும் நார்சிசஸும் பறித்துக்கொண்டிருந்தபோது பாதாளத்தின் அரசன் அவளைத் தூக்கிக்கொண்டு போகிறான். தாய் அலறல் கேட்டுத் தன் தலைத்துணியைக் கிழித்துப் போட்டுவிட்டு, கருநிறப் போர்வையைத் தோளில் எடுத்துப் போட்டுக்கொண்டு புறப்படுகிறாள். பாதாளத்தில் மகள் வாயில் போன மாதுளை விதைதான் ஆண்டின் ஒரு பகுதிக்கு அவளை அங்கேயே கட்டிவைக்கிறது. பூப்போட்ட குர்த்திமேல் கறுப்பு ஷால், காதில் மாதுளை முத்து நிறத்தில் ஒரு சின்னக் கல். அவ்வளவுதான். தாயும் மகளும் ஒரே உடுப்பில் வந்துவிடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது வேஷமாகவும் தெரியாது.

அடுத்தது வெட்டு. கிரேக்கர்கள் பெரும்பாலும் துணியை வெட்டவே இல்லை. தறியிலிருந்து இறங்கிய செவ்வகத்தை அப்படியே உடம்பில் மடித்தார்கள், குத்தினார்கள், கட்டினார்கள். சேலையும் வேட்டியும் கட்டி வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெப்லோஸ் என்பது கம்பளித் துணி. மேல் பகுதியை வெளிப்பக்கமாக மடித்துத் தொங்கவிட்டு, இரண்டு தோளிலும் பெரிய ஊசி குத்துவார்கள். கிட்டோன் என்பது மெல்லிய லினன். தோளிலிருந்து கை நெடுகச் சின்னச் சின்னதாகப் பல இடங்களில் பிடித்துவிட்டால் அதுவே கையாகிவிடும். இவற்றுக்கு மேலே போர்த்துக்கொள்வது ஹிமாத்தியோன்.

இந்த ஊசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். ஏதென்ஸ் படை அய்கினா தீவுக்குப் போய் அழிந்துபோகிறது. ஒரே ஒருவன் உயிரோடு ஊர் திரும்புகிறான். கணவனை இழந்த பெண்கள் அவனைச் சூழ்ந்துகொண்டு, என் புருஷன் எங்கே, என் புருஷன் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டபடி, தங்கள் ஆடையில் குத்தியிருந்த ஊசியை உருவிக் குத்தியே அவனைக் கொன்றுவிடுகிறார்கள். போரில் தோற்றதைவிட இது ஊராரை அதிகம் உலுக்கிவிட்டது. வேறு எப்படித் தண்டிப்பது என்று தெரியாமல், ஊசி தேவைப்படாத லினன் கிட்டோனுக்குப் பெண்களை மாற்றிவிட்டார்களாம். எதிர்த்தரப்பான அய்கினாவிலும் அதற்குத் துணைநின்ற ஆர்கோஸ் நகரிலும் என்ன செய்தார்கள்? தங்கள் ஊசிகளை முன்பைவிட ஒன்றரை மடங்கு நீளமாக்கிக்கொண்டார்கள். கிரேக்க நாடகத்தில், பெற்ற தாய் என்று தெரியாமலே யொகாஸ்தாவை மணந்துகொண்ட ஈடிபஸ் மன்னன் உண்மை தெரிந்ததும் தன் கண்களைக் குத்திக்கொள்வதும் அவளுடைய ஆடை ஊசிகளால்தான்.

ஊசி என்பது அவர்களுக்கு அலங்காரம், பூட்டு, ஆயுதம் எல்லாமும்தான். நம் வீட்டில் அதை மடிப்புக்குள் ஒளித்துவைக்கிறோம். ஒளிக்காதீர்கள். துப்பட்டாவைத் தோளில் பிடிக்க நல்ல கனமான பித்தளை புரூச் ஒன்று வாங்குங்கள், வெளியே தெரியும்படி குத்துங்கள். சாதாரணச் சுடிதாருக்கு இந்த ஒரு மாற்றமே போதும். கிட்டோன் கை வேண்டுமென்றால் டெய்லரிடம் சொல்லுங்கள்: தோளிலிருந்து முழங்கை வரை கையின் மேல்விளிம்பைத் தைத்து மூடாமல், இடைவெளி விட்டு நாலைந்து பொத்தான் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். நம் வெயிலுக்குக் காற்றோட்டமாகவும் இருக்கும்.

இனி, உடுத்துவதையே ஒரு கதையாகச் சொல்லும் இடத்துக்கு வருகிறேன். ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியமான இலியட்டின் 14ஆம் காண்டத்தில் ஹீரா தன் கணவனும் தெய்வங்களின் அரசனுமான ஜீயஸின் கவனத்தைப் போரிலிருந்து திருப்ப வேண்டும். அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். உடம்பைச் சுத்தம் செய்து மணக்கும் எண்ணெய் பூசுகிறாள். தலைசீவிப் பின்னிக்கொள்கிறாள். அத்தீனா வேலைப்பாடு செய்து கொடுத்த ஆடையை உடுத்தி, மார்பில் தங்க ஊசி குத்துகிறாள். நூறு குஞ்சம் தொங்கும் பட்டையை இடுப்பில் கட்டுகிறாள். பிறகு, மல்பெரிப் பழக் கொத்துப்போல மூன்று மணி தொங்கும் தோடு. அதன்பின் வெயில்போல மின்னும் புதிய முக்காடு. கடைசியில் செருப்பு. ஹோமர் இந்த வரிசையை அப்படிக் கவனித்துச் சொல்கிறார், ஒரு வீரன் கவசம் பூணுவதைச் சொல்வதுபோலவே. உடுத்துவதை இவ்வளவு மதித்து எழுதிய ஒரு கவிஞரைப் படிக்கும்போது எனக்கு மனசு நிறைந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகும் ஹீராவுக்குத் திருப்தி இல்லை. காதல் தெய்வமான அஃப்ரொடைட்டியிடம் போய் அவளுடைய மாயப் பட்டையை இரவல் கேட்கிறாள். ஆசை, கொஞ்சல், மயக்கும் பேச்சு எல்லாம் அதில் வேலைப்பாடாக இருக்கின்றன. அஃப்ரொடைட்டி கொடுத்துவிட்டு, இதை மார்புக்குள் மறைத்து வைத்துக்கொள் என்கிறாள். மொத்த அலங்காரத்திலும் வலிமையானது, யார் கண்ணுக்கும் தெரியாத துண்டு. ஆகவே ஹீரா நாள் என்று ஒன்று வைத்துக்கொண்டால், இடுப்பில் குஞ்சம் வைத்த கயிற்றுப் பட்டை, மூன்று மணித் தோடு, அப்புறம் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று. அது உள்பக்கம் தைத்த சின்னப் பூவேலையாக இருக்கலாம், பாட்டி கொடுத்த துணித்துண்டாகவும் இருக்கலாம்.

பட்டை கட்டுவதில் இரண்டு குறிப்பு. கட்டிய பிறகு மேல்துணியைக் கொஞ்சம் உருவிவிட்டு, பட்டைக்கு மேல் தளர்வாக விழவிடுங்கள். சிலைகளில் இடுப்புக்கு மேலே காணும் அந்தத் தொங்கல் அப்படி வருவதுதான். முடிச்சு, கிரேக்க வீரன் ஹெராக்ளிஸின் பெயர் கொண்ட ஹெராக்ளிஸ் முடிச்சாக இருக்கட்டும். முதலுதவி வகுப்பில் கட்டுக்குச் சொல்லித்தரும் அதே சதுர முடிச்சுதான் அது. பழங்காலத் தங்க நகைகளில் அதைத் தீமை அணுகாமல் காக்கும் சின்னமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அந்த முடிச்சால் கட்டிய காயம் சீக்கிரம் ஆறும் என்று ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார்.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடம் இலியட்டின் 5ஆம் காண்டத்தில் வருகிறது. அத்தீனா போருக்குக் கிளம்புகிறாள். தானே கைப்பட நெய்து செய்த மென்மையான பெப்லோஸை அப்பாவின் வாசலில் நழுவவிடுகிறாள். ஜீயஸின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். அதன்மேல் கவசம். நெசவுக்குத் தெய்வம் அவள், அந்த ஆடையின் அருமை அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் இன்றைய வேலைக்கு அப்பா சட்டைதான் சரி என்று முடிவெடுக்கிறாள். பரீட்சை நாள், இன்டர்வியூ நாள், யாரிடமாவது துணிந்து பேச வேண்டிய நாள் வரும்போது அப்பாவின் பழைய சட்டையைக் கேட்டு வாங்குங்கள். கையை முழங்கை வரை மடித்து, இடுப்பில் அகலமான தோல் பெல்ட் போடுங்கள். சட்டைப்பையில் ஆந்தை உருவம் போட்ட சின்ன பேட்ஜ். ஏதென்ஸ் வெள்ளி நாணயத்தில் ஒரு பக்கம் அத்தீனா, மறுபக்கம் ஆந்தை. அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் உடுப்பை அவளே தேர்ந்தெடுக்கிறாள். கிரேக்கக் கவிஞர் கல்லிமக்கஸ் பாடிய துதியில் அவள் சிறுமி. ஜீயஸின் மடியில் உட்கார்ந்துகொண்டு வரம் கேட்கிறாள்: என்றும் கன்னியாக இருக்க வேண்டும், வில் வேண்டும், வேட்டையாட வசதியாக முழங்கால் வரை வரும் கரை வைத்த ஆடை வேண்டும். முழங்கால் அளவுக் குர்த்தி, எடுப்பான கரை, தட்டைச் செருப்பு, இழுத்துக் கட்டிய முடி. நடப்பவர்களுக்கு, சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு, நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல உடுப்பு இல்லை. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அத்திக்கா பகுதியில் பிராவ்ரோன் என்ற இடத்தில் இவளுக்குக் கோயில் இருந்தது. பெண்கள் தங்கள் துணிமணியையே காணிக்கையாகக் கொடுத்தார்கள். கொடுத்தவள் பெயர், துணியின் வகை, அதன் கரை என்று கல்லில் பட்டியல் வெட்டியிருக்கிறார்கள். கந்தலாகிப்போனதையும் தறியில் பாதி நெய்ததையும்கூடக் குறித்திருக்கிறார்கள். சாதாரணப் பெண்களின் அலமாரிக்கு இவ்வளவு பழைய கணக்கு கிடைத்திருப்பது பெரிய கொடுப்பினை.

ஆண்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெய்வங்களின் தூதனான ஹெர்மிஸ் சுலபம்: அகல விளிம்புத் தொப்பி, நல்ல செருப்பு, பயணத்துக்கு ஒரு குட்டை மேல்துண்டு. நான் சொல்ல விரும்புவது, ட்ராய் போருக்குப் போய் நெடுங்காலம் கழித்து ஊர் திரும்பிய ஒடிசியஸ். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 19ஆம் காண்டத்தில் அவன் பிச்சைக்காரன் வேஷத்தில் மனைவி முன்னால் உட்கார்ந்து, உன் கணவனை ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்கிறான். அப்படியானால் அவர் என்ன உடுத்தியிருந்தார், சொல் என்று கேட்டு பெனலப்பி சோதிக்கிறாள். அவன் சொல்கிறான்: ஊதாக் கம்பளிப் போர்வை, இரட்டை மடிப்பு. அதில் தங்க புரூச், வேட்டைநாய் ஒன்று மான்குட்டியை முன்னங்காலால் அமுக்கிப் பிடித்திருக்கும் உருவம். உள்ளே சட்டை, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, பளபளப்பாக. நிறையப் பெண்கள் அதைப் பார்த்து நின்றார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறான். பெனலப்பி அழுதுவிடுகிறாள். அந்தத் துணியை மடித்துக் கொடுத்ததும் புரூச்சைக் குத்திவிட்டதும் அவள்தான். காய்ந்த வெங்காயத் தோல் நிறத்தில் மெல்லிய மல் பருத்தி ஜிப்பா ஒன்று தைத்துக்கொள்ளுங்கள். மாலைக்கு மேலே ஊதாத் துண்டு. புரூச் குத்திக்கொள்ள ஆண்கள் கூச்சப்பட வேண்டாம், ட்ராய் போருக்குப் போனவனே குத்தியிருக்கிறான்.

துணி பற்றி ஒரு வார்த்தை. இந்த உடுப்புகள் எல்லாமே துணி விழுகிற விதத்தை நம்பி நிற்பவை. கஞ்சி போட்டு விறைத்த துணியும் மொடமொடப்பான பாலியஸ்டரும் மடிப்பு கொடுக்காது. துவைத்துத் துவைத்து மெதுவான கைத்தறி, லினன், ரேயான் இவை நன்றாக விழும். 1907 வாக்கில் வெனிஸில் ஆடை வடிவமைப்பாளர் ஃபோர்த்துனியும் அவர் மனைவி ஹென்ரியட்டும் கிரேக்கத்தின் டெல்ஃபியில் கிடைத்த தேரோட்டி வெண்கலச் சிலையின் பெயரில் ‘டெல்ஃபாஸ்’ கவுன் செய்தார்கள். மெல்லிய பட்டில் நுண்ணிய மடிப்புகள். ஓரங்களில் கண்ணாடி மணி கோத்துக் கனம் கொடுத்தார்கள். அந்த மணி உத்தியை நீங்களும் செய்யலாம். பறக்கும் துப்பட்டாவின் நான்கு மூலையிலும் மூலைக்கொரு மணி தைத்தால் போதும்.

இப்போது ஒரு குட்டை பெப்லோஸ் உடுத்திப் பார்ப்போம். மேசைமேல் 44 அங்குல அகலக் கைத்தறி, 2 மீட்டர் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கிறோம். இரண்டு இரண்டு பேராக வாருங்கள், ஒருவர் உடுத்த, ஒருவர் குத்திவிட. மேலிருந்து 10 அங்குலத்தை வெளிப்பக்கமாக மடியுங்கள். உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, திறந்த பக்கம் வலது கைப்பக்கம் வரட்டும். உள்ளே டி-சர்ட் இருப்பதால் கவலை வேண்டாம். பின்பக்கத் துணியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்து இரண்டு தோளிலும் புரூச் குத்துங்கள். துணியின் விளிம்பிலேயே குத்தாதீர்கள், நூல் விலகிக் கிழிந்துவிடும். இரண்டு விரல் உள்ளே தள்ளிக் குத்துங்கள்.