காவடிப் படிக்கு மேல ஒரு பூ

வணக்கம் மக்களே! இப்ப காத்ர் போர்ன்ல நிக்கிறேன். பின்னாடி தெரியுதே, அதுதான் கோர் தெ கார்த் மலை. மொரீஷியஸ்ல நம்ம ஆளுங்களுக்கு இந்த மலைன்னாலே முருகன்தான். தைப்பூசம் வந்தா காவடியும் பால்குடமுமா இந்தப் படியில கால் வைக்க இடம் இருக்காது.

கோவிலோட திரும்பிடுறோம் இல்லையா, மலை அதுக்கு மேலயும் போகுது. அங்க ஒரு செடி இருக்கு. பேரு ட்ரொக்கேஷியா பார்விஃப்ளோரா. நம்ம செம்பருத்திக் குடும்பம்தான், பூ மட்டும் பொடிசு. 1863க்கு அப்புறம் யார் கண்ணுலயும் படல, அழிஞ்சே போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. 2001ல இதே மலையில திரும்பக் கண்டுபிடிச்சாங்க! நடுவுல இருந்த அத்தனை வருஷமும் கீழ அரோகரா போட்டுட்டுத்தான் இருந்திருக்கோம்.

பூவை இப்பக் காட்டுவேன்னு பாக்குறீங்களா? காட்ட மாட்டேன். எந்தப் பக்கம் ஏறணும்னும் சொல்ல மாட்டேன். இருக்குறதே கொஞ்சம் செடி. வீடியோ பாத்துட்டு நாலு பேரு செல்ஃபிக்கு ஏறினா, பக்கத்துல முளைச்சிருக்கிற கன்னு மிதிபட்டே போயிடும். வேணும்னா இதோட அக்காவைப் பாருங்க: ட்ரொக்கேஷியா பூத்தோனியானா, நம்ம நாட்டுப் பூ. 1992 மார்ச் 12, குடியரசு ஆன அன்னைக்கே அந்தப் பட்டம் கொடுத்தாங்க. காட்டுல அது லெ மோர்ன் மலையில மட்டும்தான். அதுல தேன் செக்கச்செவேல்னு இருக்கும். இந்தத் தீவுல இப்படிக் கலர் தேன் உள்ள பூ இன்னும் ரெண்டு இருக்கு. அந்தக் கலர் பச்சைப் பல்லியை இழுக்கத்தான்னு 2006ல ஆராய்ச்சி பண்ணிக் காட்டினாங்க. பல்லி வந்து நக்கும்போது மகரந்தம் தலையில ஒட்டிக்கும், அப்படியே அடுத்த பூவுக்குப் போயிடும். எங்க பாட்டிக்குப் பல்லி விழுந்தா பஞ்சாங்கம் பாக்கணும், இங்க பல்லி வரலன்னா காய் பிடிக்கிறதே கஷ்டம்!

சரி, இந்த மலை மேல இருக்கிற பொடிப் பூச்செடிக்கு என்ன ஆபத்து? இங்க குனிஞ்சு பாருங்க. பாதை ஓரம் பூரா இந்தக் கன்னு. இலை தடிப்பா, பளபளன்னு இருக்கு. தண்டு பென்சில் அளவு கூட இல்ல, ஆனா நடுவுல விரல் நுழையாது. இதுதான் கொயாவ் தெ ஷீன். ஆமாங்க, சீசன்ல குடும்பத்தோட போய்ப் பறிச்சு, உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் திங்கிறோமே, அதே சீனாக் கொய்யா. பேருதான் சீனா, ஊரு பிரேசில் பக்கம். குரங்கு தின்னு விதையைப் போடுது. 1892ல வந்த சின்னான் குருவி, நம்ம கொந்தே, அதுவும் போடுது. வெட்டினா அடியிலேருந்து மறுபடி துளிர்க்கும். அதுக்கு அடியில நம்ம ஊர்ச் செடியோட விதை முளைச்சாலும் வெளிச்சம் கிடைக்காது. தப்பிச்சு மொட்டு வெச்சா எலியும் குரங்கும் விட்டு வைக்கிறதில்ல.

அதனால காப்பாத்துறதுன்னா என்னைப் பொறுத்தவரை களை பிடுங்குறதுதான். தோட்டத்துல ஒரு கன்னு நட்டு போட்டோ எடுத்தா பேப்பர்ல வரும், கொய்யா பிடுங்கினா யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க. ஆனா அதைத்தான் வருஷா வருஷம் விடாம செய்யணும். நல்ல நிலையில இருக்கிற பூர்வீகக் காடு இந்த நாட்டுல ரெண்டு சதவீதம் கூட இல்ல. அந்த மிச்சத்துல வேலி போட்டுக் களை எடுத்த இடத்துல எல்லாம் பழைய மரத்துக் கன்னு தானா தலை தூக்குது.

கை கொடுக்கணும்னு தோணினா தனியா மலை ஏறாதீங்க. கோர் தெ கார்த் மேல்பகுதி காப்புக்காடு. வனத்துறை ஆபீஸ்லயோ, மொரீஷியஸ் வைல்ட்லைஃப் ஃபவுண்டேஷன்லயோ கேளுங்க, தன்னார்வலர் வேலை இருந்தா சொல்வாங்க. எது களை, எது நம்ம செடின்னு தெரிஞ்சவங்க கூட இருக்கணும், குட்டியா இருக்கும்போது ரெண்டும் பாக்க ஒரே மாதிரிதான். அப்புறம், கொய்யாக் காட்டுல சுத்தின ஷூவோட இங்க வராதீங்க. அடியில இருக்கிற சேத்தைக் கழுவிட்டு வாங்க, விதை ஒட்டியிருக்கும்.