ஒரு விதைக்குள்ள மூணு செடி: வீட்டுத் தோட்டத்து பீட்ரூட்

(காட்சி: உள்ளங்கையில் பீட்ரூட் விதை)

இதைப் பக்கத்துல பாருங்க. கொத்தமல்லி விதைகளை நசுக்கி ஒட்டவச்ச மாதிரி முண்டும் முடிச்சுமா இருக்கா? இது ஒத்தை விதை இல்லீங்க. ரெண்டு, மூணு விதை ஒண்ணா ஒட்டின கொத்து. இது தெரியாமத்தான் முதல் வருஷம் எனக்குக் கிழங்கே விழல. தழை மதமதன்னு வளர்ந்துச்சு. பிடுங்கிப் பார்த்தா எலிவால் மாதிரி வேரு.

(காட்சி: செங்கோட்டை, வீட்டுக் கொல்லை, பின்னால் மலை)

எங்க ஊர்ல ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பீட்ரூட்டுக்குத் தண்ணி தேங்கக் கூடாது. அதனால மழை ஓய்ஞ்சு, கார்த்திகைக் கடைசியிலதான் விதைக்கிறேன். மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, மட்கின சாணி கலந்து, ராத்திரி ஊறின விதையை ஒரு விரல்கணு ஆழத்துல போடுங்க.

(காட்சி: ஒரே குழியில் மூணு முளை)

விரல் உயரம் வந்ததும் கலைச்சு விடணும். திடமான ஒண்ணை விட்டுட்டு, மத்ததைக் கத்தரிக்கோலால அடியோட நறுக்குங்க. பிடுங்கினா பக்கத்து வேர் ஆடிப்போகும். செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். முளைச்சதை வெட்ட மனசு வராது, எனக்கும் வரல. ஆனா பாலக்கும் இதுவும் ஒரே குடும்பம். அந்தத் தளிரைப் பாசிப்பருப்போட கூட்டு வச்சுப் பாருங்க!

60, 70 நாள்ல எடுத்துடுங்க. ரொம்பப் பெருத்தா நார் விழும்.

(காட்சி: அடுக்களை)

செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்னிக்குத்தான் சென்னை மாநிலத்தோட சேர்ந்துச்சு. அதுக்கு முன்னால திருவிதாங்கூர்-கொச்சி. ஓணத்து இலையில வைக்கிற பீட்ரூட் பச்சடி எங்க வீட்டுக்குச் சொந்தப் பண்டம்.

காம்பு ரெண்டு விரல்கடை விட்டு, தோலோட வேக வையுங்க. சீவினா சாயமெல்லாம் தண்ணியில போயிடும். ஆறினதும் தோலை உரிச்சுத் துருவுங்க. தேங்காய், பச்சை மிளகாய், சீரகத்தை மையா அரைச்சு, கடைசியா அரை ஸ்பூன் கடுகைப் போட்டு ஒரே சுத்து. கடுகு மசிஞ்சா கசக்கும். துருவலோட உப்புச் சேர்த்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, சூடு தணிஞ்சப்புறம் கடைஞ்ச கெட்டித் தயிர். அவசரப்பட்டா திரிஞ்சிடும்.

சிலருக்கு மறுநாள் சிறுநீர் சிவப்பாப் போகும், சாயம்தான், பயப்படாதீங்க.

(காட்சி: சட்டிக்குள் கரண்டி)

கருஞ்சிவப்பு ஒரே கிளறுல ரோஸ் நிறமா மாறுது, பாருங்க. இப்போ தேங்காய் எண்ணெயில கடுகு, வத்தல், கருவேப்பிலை தாளிச்சுக் கொட்டுங்க.