சோபி சொன்ன 'முடியாது'

நண்பர்களே, வணக்கம்.

இப்போது பார்த்த படம் ஐந்து நிமிடம்கூட இல்லை. விளக்குப் போட்டதும் முன்வரிசையில் ஒருவர், "அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். ஆமாம், முடிந்துவிட்டது. ஆனால் எனக்கு இந்தப் படம் பல வருடங்களாக முடியவில்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

'அவளும் அவள் பூனையும்' 1999இல் ஜப்பானில் வந்தது. எடுத்தவர் மகோதோ ஷின்காய். 2016இல் வந்த 'யுவர் நேம்' படத்தால் இன்று உலகமே அவரை அறியும். அன்றைக்கு அவர் ஒரு வீடியோ கேம் நிறுவனத்தில் மாதச் சம்பளக்காரர். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் வீட்டுக் கணினியில் உட்கார்ந்து கிட்டத்தட்ட தனி ஆளாக வரைந்த படம் இது. வண்ணம் கிடையாது, கறுப்பு வெள்ளைதான். பூனைக்குக் குரல் கொடுத்தவரும் அவரே. இசை மட்டும் தென்மோன் என்பவருடையது. 2000இல் 'டோகா' என்ற கணினி அனிமேஷன் போட்டியில் இதற்கு முதல் பரிசு கிடைத்தது.

கதை என்று சொன்னால் இவ்வளவுதான். வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு மழை நாள். தனியாக வாழும் ஒரு பெண் ஒரு பூனையை எடுத்துவந்து வளர்க்கிறாள். அதன் பெயர் சோபி. காலையில் அவள் தலைமுடியைக் கட்டிக்கொண்டு, சோபியின் தலையில் கை வைத்துப் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிவிட்டு, கனமான இரும்புக் கதவைத் திறந்துகொண்டு வேலைக்குப் போகிறாள். அவளுக்கு என்ன வேலை? சோபிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு ஆசையும் இல்லை. அவள் கிளம்பும் அந்த நேரம் அதற்குப் பிடிக்கும், அவ்வளவுதான்.

கதவு சாத்தியாயிற்று. அப்புறம் பூனை என்ன செய்கிறது? பூனை, நாய் வளர்க்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி உண்டு. எங்கள் வீட்டுப் பூனை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நெற்றியில் திருநீற்றோடு வந்து நின்றது. யாரோ பூசிவிட்டிருக்கிறார்கள். தெருவில் எங்கோ அதற்கு இன்னொரு பெயரும், இன்னொரு கிண்ணம் பாலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

இதை ஆராய்ந்து பார்த்தவர்களும் உண்டு. 2013இல் பிபிசி ஒரு நிகழ்ச்சிக்காக, இங்கிலாந்தின் ஷாம்லி கிரீன் கிராமத்தில் 50 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் ஜிபிஎஸ் கருவி கட்டியது. சிலவற்றுக்குக் குட்டிக் கேமராவும் மாட்டினார்கள். அடுத்த வீட்டுக்குள் நுழைந்து, அங்குள்ள பூனையின் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்த பூனைகள் அதில் அகப்பட்டன. பூனை எங்கே போனது என்பதைக் கருவி சொல்லிவிடும். போன இடத்தில் அதற்கு என்ன மனநிலை, அதைத் திரும்பி வரவைத்தது எது என்பதைச் சொல்லாது.

ஷின்காயின் படம் அந்த இடத்துக்குத்தான் போகிறது. கோடைகாலம் வருகிறது. சோபிக்கு ஒரு தோழி அமைகிறாள். மிமி என்ற குட்டிப் பூனை. சின்னது, அழகு, செல்லம் கொஞ்சத் தெரிந்தது. கல்யாணம் பண்ணிக்கொள் என்று மிமி கேட்கிறது. எனக்கு ஏற்கெனவே ஒரு காதலி இருக்கிறாள், பெரியவள் என்கிறது சோபி. பொய் என்கிறது மிமி. அப்படியென்றால் அவளை நான் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறது.

முடியாது என்று சோபி சொல்லிவிடுகிறது.

நீங்கள் சிரித்தீர்கள், நானும் முதல்முறை சிரித்தேன். ஆனால் அந்த 'முடியாது' எனக்குச் சாதாரணமாகப் படவில்லை. வெளியே மிமியோடு ஒரு வாழ்க்கை, உள்ளே அவளோடு ஒரு வாழ்க்கை. இரண்டும் சோபிக்கு உண்மை. இதில் யாரையும் அது ஏமாற்றவில்லை. அவளைப் பற்றி மிமியிடம் மறைக்கவும் இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்க அதற்கு மனம் இல்லை. வேறு படமாக இருந்தால் இரண்டு பேரையும் சந்திக்கவைத்து, ஓட்டம், துரத்தல், கலகலப்பு என்று போயிருக்கும். இங்கே மிமி, மறுபடி வா, கண்டிப்பாக வா என்று திரும்பத் திரும்பச் சொல்வதோடு கோடை போய்விடுகிறது. அந்தப் பெண்ணுக்கு மிமி என்று ஒருத்தி இருப்பதே கடைசிவரை தெரியாது.

இங்கேதான் படம் திரும்புகிறது. ஒரு நாள் அவள் தொலைபேசியில் வெகுநேரம் பேசுகிறாள். வைத்த பிறகு அழுகிறாள். சோபியின் பக்கத்தில் உட்கார்ந்தே நெடுநேரம் அழுகிறாள். யாரோடு பேசினாள், என்ன ஆயிற்று? சோபிக்குத் தெரியாது. அதனால் நமக்கும் தெரியாது. தப்பு அவள் பக்கம் இருக்காது என்று மட்டும் சோபி நினைக்கிறது. எந்த ஆதாரமும் இல்லாமல் ஒருவர் பக்கம் நிற்பதை இவ்வளவு எளிமையாகச் சொன்ன இடம் வேறு எதுவும் என் நினைவில் இல்லை.

ஆக, ரகசிய வாழ்க்கை பூனைக்கு மட்டும் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் சோபி வாழ்வதை அவள் அறியமாட்டாள், அந்தப் பக்கம் அவள் வாழ்வதைச் சோபி அறியாது. படம் இரண்டையும் அப்படியே விட்டுவைக்கிறது. கவனித்திருப்பீர்கள், அவள் முகத்தை முழுதாக ஒருமுறைகூட நமக்குக் காட்டவில்லை. கை தெரிகிறது, கூந்தல் தெரிகிறது, முகம் தெரிவதில்லை. அந்த அறையையும் ரயிலையும் மின்கம்பிகளையும் புகைப்படம் போல அத்தனை நுணுக்கமாக வரைந்தவர், சோபியை மட்டும் குழந்தை கிறுக்கினதுபோல நாலு கோட்டில் முடித்துவிட்டார். அவசரத்தில் செய்த வேலை என்று நான் நினைக்கவில்லை. உலகம் இவ்வளவு கனமாக இருக்கும்போது அதற்குள் இருக்கும் அன்பு இவ்வளவு லேசான கோடாக இருப்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இன்னொன்று. ஜப்பானில் பூனை கதை சொல்வது புதிது இல்லை. 1905இல் நட்சுமே சோசெகி எழுதத் தொடங்கிய 'நான் ஒரு பூனை' நாவலில் அந்தப் பூனை தன்னை 'வகஹாய்' என்று சொல்லிக்கொள்ளும். அது பெரிய மனிதர்கள் மிடுக்காகச் சொல்லும் 'நான்'. நம் ராஜா வேஷக்காரர் 'யாம்' என்பாரே, அதுபோல. மனிதர்களை மேலிருந்து பார்த்து எடைபோடுகிற பூனை அது. சோபி சொல்வது 'போகு'. பையன்கள் தினமும் சொல்கிற சாதாரண 'நான்'. சோபி யாரையும் எடைபோடுவதில்லை, அவள் பக்கத்தில் இருக்கிறது.

கடைசியில் குளிர்காலம். இருட்டு விலகாத காலையில், தடித்த கோட்டுக்குள் அவள் கிளம்புகிறாள். கோட்டு போட்ட அவளே ஒரு பெரிய பூனை மாதிரி இருக்கிறாள் என்கிறது சோபி. வெளியே பனி. பனி எல்லாச் சத்தத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. அவள் ஏறிப்போகும் ரயிலின் ஓசை மட்டும் சோபியின் காதுக்கு வந்து சேர்கிறது. அவள் எங்கே போகிறாள் என்று அதற்கு இன்னமும் தெரியாது.

நேரம் இருக்கிறது. படத்தை இன்னொரு தடவை போடச் சொல்லியிருக்கிறேன். சரி, விளக்கை அணைத்துவிடலாம். இந்தத் தடவை கதையை விட்டுவிட்டு, அந்த ரயில் சத்தத்தை மட்டும் கேளுங்கள்.