மாத்திரைக்கு இரண்டு பஸ் மாற வேண்டுமா?

வணக்கம். மனநலம் பற்றிப் பேசக் கூப்பிட்டால் எல்லோரும் விழிப்புணர்வு, விழிப்புணர்வு என்று சொல்லிவிட்டுப் போகிறோம். நான் இன்று பஸ்ஸைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மனச்சிதைவு நோய்க்கான (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று வரும் ஸ்கிசோஃப்ரினியா) மாத்திரையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனால் அதை வாங்க மாதாமாதம் அம்மாவோ மனைவியோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, வரமாட்டேன் என்பவரைச் சமாதானப்படுத்திக் கூட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, பொழுது சாயத் திரும்ப வேண்டும். ஆள் கொஞ்சம் தேறி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், "இப்பதான் நல்லா இருக்கானே" என்று அந்தப் பயணம் நின்றுபோகும். சில மாதங்களில் நோய் திரும்பிவிடும். உடனே ஊர் சொல்லும், மருந்து கேட்கவில்லை, கோயிலுக்குக் கூட்டிப்போ என்று.

கோயில், தர்காவோடு எனக்குச் சண்டை இல்லை. திருநீறு பூசட்டும், ஓதட்டும், கூடவே மாத்திரையும் உள்ளே போகட்டும். சங்கிலிதான் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த விடுதியில் பற்றிய தீயில் 28 பேர் இறந்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? மனச்சிதைவு நோய்க்காகவே இயங்கும் சென்னையின் ஸ்கார்ஃப் தொண்டு நிறுவனம் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பஸ்ஸையே கிளினிக்காக்கி ஊர் ஊராக அனுப்பியது. டாக்டர் சென்னையிலிருந்து திரையில் பேசுவார், மருந்து பஸ்ஸிலேயே கிடைக்கும். ஆனாலும் அதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது திரை இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள்தான். மருந்து வாங்க யார் வரவில்லை என்று கவனித்து, அந்த வீட்டுக்குப் போய், தெருவே கேட்கும்படி விசாரிக்காமல் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள். தூக்கம் வருகிறதா, குளிக்கிறாரா, கை நடுங்குகிறதா, "எப்பவும் தூங்கிக்கிட்டே இருக்கான்" என்று வீட்டிலேயே மாத்திரையை நிறுத்திவிட்டார்களா? இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியவரும். தெரிந்தால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். சிலருக்கு மாதம் ஓர் ஊசியே போதும்.

அரசும் சும்மா இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் நம் திருச்சியும் ஒன்று. அதனால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், மனநல டாக்டர் பக்கத்தில் எங்கே, எந்தக் கிழமை வருகிறார் என்று. இன்று ராத்திரியே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, தமிழிலேயே பேசலாம்.