நினைவைக் கைமாற்றுவது வகுப்பறைதான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

சமூகத்தின் நினைவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்ப்பது வீடா, கல்வியா என்பது தலைப்பு. எதிரணித் தோழி உருக்கமாகப் பேசினார். பாட்டி சொன்ன கதையில்தான் நம் அடையாளம் இருக்கிறது, பள்ளிக்கூடம் தருவது மதிப்பெண் மட்டும்தான் என்றார். பாட்டியின் கதையை நான் குறைத்துப் பேச வரவில்லை. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்றுதான் கேட்கிறேன்.

கனடாவின் பூர்வகுடி வீடுகளில் கதைக்கும் பாட்டுக்கும் குறைவே இல்லை. ஆட்சியாளர்கள் உறைவிடப் பள்ளிகளைத் திறந்து, சுமார் 1,50,000 பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டனை. பல குடும்பங்களில் மொழி அந்தத் தலைமுறையோடு அறுந்தது. 2008-இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். "கல்விதானே அழித்தது?" என்று எதிரணி மடக்கலாம். ஆமாம், கொடுமை அது. ஆனால் ஓர் இனத்தின் நினைவை அழிக்க நினைத்தவர்கள் பள்ளிக்கூடத்தைத் தேடிப் போனது ஏன்? அதன் பலம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பலம் மீட்கவும் உதவும். நியூசிலாந்தில் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வீடுகளில் அவர்கள் மொழி மங்கியபோது, அம்மக்களே 1982-இல் 'கோஹங்கா ரேயோ' என்ற மழலையர் பள்ளிகளைத் தொடங்கினார்கள். பெரியவர்கள் அங்கே வந்து பேசினார்கள். தோழி சொன்ன அதே பாட்டிதான். அவர் குரல் பேரப்பிள்ளைகளை எட்ட ஒரு பள்ளி வேண்டியிருந்தது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். வீட்டுக்கதையில் நாம் இழந்தது இருக்கும், நம்மால் பிறர் இழந்தது அபூர்வமாகத்தான் இருக்கும். பிரான்சும் ஜெர்மனியும் தலைமுறை தலைமுறையாகப் போரிட்ட நாடுகள். இரு பக்கத்து வீடுகளிலும் சொந்தத் துக்கம் நிறைய இருந்திருக்கும். 2003-இல் இரு நாட்டு மாணவர்களும் கூடி, எங்களுக்கு ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டார்கள். 2006-இல் முதல் தொகுதி வந்தது: ஒரே உள்ளடக்கம், இரண்டு மொழிகள். யோசித்துப் பாருங்கள், எதிரியாக இருந்தவனின் பேரனும் நானும் ஒரே பக்கத்தைப் படிக்கிறோம்! நான் யார் என்ற கேள்விக்கு அப்புறம் பழைய பதிலே போதுமா?

அடுத்துப் பேசவரும் எதிரணி நண்பரிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். தன் முன்னோர் பிறருக்குச் செய்த தீங்கைப் பிள்ளைக்குத் தானாகவே சொல்லித்தரும் வீடுகள் எத்தனை? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி.