பார்த்து எழுதும் கை, சொந்தமாய் எழுதும் கை

(வட்டாரத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாரக் கல்வி அலுவலர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் திறந்துவிட்ட ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, ஆசிரியர் பயிற்றுநர்களே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களே, என் அன்பான ஆசிரியப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். மாவட்டக் கல்வி அலுவலர் ஐயாவுக்கு மதியம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஆனாலும் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டே போவேன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெருந்தன்மைக்குத் தனியாக ஒரு வணக்கம். காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிக்கும் நன்றி.

மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எழுத்தை அறிமுகம் செய்வது ஒன்று. குழந்தையின் சொந்த எழுத்து இரண்டு. தேர்வு மூன்று.

'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இதைச் சொல்லாமல் நான் ஒரு கூட்டத்திலும் உட்கார்ந்ததில்லை.

எழுத்து சொல்லித்தருவதில் இந்த மண்ணுக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1789இல் சென்னையில் படைவீரர்களின் அனாதைச் சிறுவர்களுக்கான பள்ளிக்குப் பொறுப்பேற்றவர் ஆண்ட்ரூ பெல். நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை அவர் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் நடத்திப் பார்த்து, தன் நாட்டுக்கும் கொண்டுபோனார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவியது. நம் காலத்துக்கு வந்தால், 2007இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே செய்து படிக்கும் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தது. சுவரைச் சுற்றிக் குழந்தையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தோம். அட்டையில் பலருக்குக் குறை இருக்கலாம், அந்தப் பலகையில் எனக்குக் குறையே கிடையாது. குழந்தைக்கென்று எழுத ஓர் இடம் கிடைத்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லித்தருகிறோம்.

எழுத்து 247 என்று கேட்டதும் புதிதாக வந்த ஆசிரியர்கள் மலைத்துவிடுகிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மீதி 216 உயிர்மெய்க்கும் கால், கொம்பு, கொக்கி தெரிந்தால் பெரும்பகுதி வந்துவிடும். முரண்டு பிடிப்பது உகர, ஊகார வரிசைதான். கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. மற்ற வரிசைக்கு ஒரு நாள் என்றால் இதற்கு ஒரு வாரம் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய 'லை', 'னா' எழுதிப் பழகியவர்களைக் கேட்டால் இன்றைய பிள்ளைக்கு எவ்வளவு சுமை குறைந்திருக்கிறது என்று சொல்வார்கள். முதல் செய்தி இவ்வளவுதான். இதில் நீங்கள் எல்லாரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

நான் பேச வந்தது இரண்டாவதை. ஒரு மலையடிவாரப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். இரட்டை வரி நோட்டில் அவன் எழுத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், முத்து முத்தாக இருக்கும். பார்வைக்கு வருகிறவர்களிடம் அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவோம். ஒரு நாள், 'நேத்து உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எழுதுடா தம்பி' என்றேன். அவன் புத்தகத்தைத் திறந்தான். இந்தப் பக்கம் புரட்டுகிறான், அந்தப் பக்கம் புரட்டுகிறான். கடைசியில் எழுந்து வந்து கேட்டான்: 'சார், அது எந்தப் பக்கத்துல இருக்கு?'

சிரிக்கிறீர்கள். வகுப்பும் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, நிஜமாகவே தேடினான். பக்கத்தில் உட்காரவைத்து, 'எழுத வேண்டாம், சொல்லு' என்றேன். வாயைத் திறந்தான் பாருங்கள்! ஆடு ராத்திரி குட்டி போட்டது, அப்பா ஊரில் இல்லை, ஆயாதான் அரிக்கேன் விளக்கைப் பிடித்தது, முதல் குட்டி கறுப்பு, ரெண்டாவது குட்டி மூச்சு விடவில்லை, ஆயா அதன் மூக்கில் ஊதியது, ஊதியும் எழவில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னான். சத்துணவு மணி அடித்தது, ஒருத்தரும் எழவில்லை. சத்துணவு அம்மா கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்று கேட்டார். முடித்ததும், 'இதை எழுதுடா' என்றேன். 'இதையெல்லாம் எழுதலாமா சார்?' என்றான்.

எழுதினான். நாலே வரி. 'குட்டி' என்பது 'குடடி' என்று புள்ளி இல்லாமல் இருந்தது. 'மூச்சு' என்பது 'முச்சு' ஆகியிருந்தது. ளகரமும் ழகரமும் இடம் மாறியிருந்தன. சிவப்பு மையை எடுக்காமல் அடியில் ஒரு கேள்வி மட்டும் எழுதிக் கொடுத்தேன்: 'கறுப்புக் குட்டி இப்போது பால் குடிக்கிறதா?' மறுநாள் அதற்குப் பதிலாகப் பாதிப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். விட்டுப்போன புள்ளிகளை அடுத்த வாரம் தனியாகச் சொல்லிக்கொடுத்தோம். தன் ஆட்டைப் பற்றியது என்பதால் கவனமாகக் கேட்டுக்கொண்டான்.

சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம். அவனிடம் இரண்டும் இருந்தன. கையையும் நாவையும் ஒரே நோட்டில் சேர்த்துவைக்க ஆள் இல்லை. பார்த்து எழுதுதல், சொல்வதை எழுதுதல் இரண்டும் வேண்டும்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புவரை அதிலேயே நிறுத்திவிட்டு, ஆறாம் வகுப்பில் கட்டுரை எழுது என்றால் பிள்ளை எங்கே போவான்? நோட்ஸைத்தான் மனப்பாடம் செய்வான்.

இதற்காகத்தான் பல வருடமாக ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். ஒவ்வொரு தொடக்கப் பள்ளியிலும் மாதம் ஒரு கையெழுத்து இதழ் வர வேண்டும். அரசே மாணவர்களுக்கு ஊஞ்சல், தேன்சிட்டு, நமக்குக் கனவு ஆசிரியர் என்று இதழ்கள் நடத்துகிறது. அவை அச்சில் வரும், எல்லாப் பிள்ளைக்கும் அதில் இடம் கிடைக்காது. கையெழுத்து இதழில் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் கால் பக்கம் உண்டு. எழுத வராத ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படம் வரையட்டும். அது சொல்லும் ஒரு வரியை ஐந்தாம் வகுப்பு அக்கா அடியில் எழுதட்டும். வீட்டில் வேறு மொழி பேசுகிற பிள்ளை அந்தச் சொற்களையும் எழுதட்டும்.

அந்த இதழில் ஒரு பக்கம் ஆசிரியருடையதாக இருக்க வேண்டும். இதைச் சொன்னால்தான் முகம் மாறுகிறது. பயிற்சிக்குப் போகிறோம், தொகுதி தொகுதியாகப் படிக்கிறோம், கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுகிறோம். சொந்தமாக ஒரு பக்கம் எழுதிக் கடைசியாக எத்தனை மாதம் ஆயிற்று? நீந்தாதவர் கரையில் நின்று நீச்சல் சொல்லித்தர முடியாது. பாதியில் வார்த்தை வராமல் பேனாவோடு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரிந்தால்தான், அப்படி உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'என்னடா வேடிக்கை பார்க்கிறே' என்று அதட்ட மாட்டோம். கைப்பழக்கம் பிள்ளைக்கு மட்டுமா? பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் முதல் அரைமணி நேரத்தை எழுதுவதற்கு ஒதுக்குங்கள். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது தேர்வு. நேரமாகிவிட்டது என்று வட்டாரக் கல்வி அலுவலர் சீட்டு அனுப்பியிருக்கிறார். அதை இன்னொரு மேடையில் பேசுகிறேன்.

மாவட்டக் கல்வி அலுவலர் ஐயா இங்கே இருப்பதால் ஒரு வேண்டுகோள். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்குப் பள்ளிக்கு ஓர் இதழ் வரட்டும் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எட்டுத் தாள், ஒரு நூல், ஒரு ஊசி. அதிகச் செலவில்லை. ஆய்வுக்கு வரும்போது பதிவேட்டுக்கு முன்னால் அந்த இதழைக் கேட்டு வாங்கி, அதை எழுதிய பிள்ளையையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தாள் வாங்கித் தருகிறோம் என்று பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் இப்போதே கை தூக்கிவிட்டார்கள். அவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. நன்றி, வணக்கம்.