பி.பி. வரலாம் என்று சொல்லிவிட்டார்கள், நடக்கலாமா?

வணக்கம் தோழிகளே. என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற கர்ப்பிணிகள் அதிகமாகக் கேட்கிற கேள்வி இது: "போன பிரசவத்தில் பி.பி. ஏறிடுச்சு அக்கா. இந்தத் தடவை நடக்கலாமா? வீட்டில் கட்டிலை விட்டு இறங்கவே விடமாட்டேன் என்கிறார்கள்."

முதலில் நீங்கள் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று பார்ப்போம். பி.பி. வர வாய்ப்பு இருக்கிறது என்பது ஒன்று. பி.பி. வந்துவிட்டது என்பது வேறு. முந்தைய கர்ப்பத்தில் வந்தது, வயிற்றில் இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே சர்க்கரை, அதிக எடை, அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருக்கிறது, இதெல்லாம் முதல் வகை. 20 வாரத்துக்குப் பிறகு 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்று, சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்தாலும் அப்படியே காட்டினால், அது இரண்டாவது வகை.

முதல் வகைக்கு, டாக்டர் வேறு தடை எதுவும் சொல்லவில்லை என்றால், தாராளமாக நடங்கள். நடப்பது உங்களுக்கு நல்லதும்கூட. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதாவது தினமும் அரை மணி, வாரம் 5 நாள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளிவந்த ஒரு அலசலில், உடற்பயிற்சி செய்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்ப கால பி.பி. வருகிற வாய்ப்பு கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைவாக இருந்தது.

அதற்காக நடைதான் மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். கர்ப்ப கால பி.பி.யோடு சிறுநீரில் புரதமும் போகிற ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற நிலைக்கு விதை, பல நேரம் நஞ்சுக்கொடி உருவாகிற ஆரம்ப மாதங்களிலேயே விழுந்துவிடுகிறது. ரிஸ்க் உள்ளவர்களுக்கு டாக்டர் சின்ன அளவு ஆஸ்பிரின் கொடுத்திருப்பார். நடக்கிறோமே என்று அதை நிறுத்தாதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற கால்சியம் மாத்திரையும் அப்படித்தான். நிறையப் பேர் அதை டப்பாவிலேயே வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும்!

ஒரு சுவாரசியமான ஆய்வு. சியோனே யோ என்ற செவிலியர் ஆய்வாளரும் அவருடைய குழுவும், முன்பு ப்ரீ-எக்லாம்ப்சியா வந்திருந்த, அதிகம் உடலசைவு இல்லாத 79 கர்ப்பிணிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நடக்கவும் இன்னொரு பாதியை மெதுவான ஸ்ட்ரெச்சிங் செய்யவும் வைத்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. நடந்தவர்களில் 100-க்கு 15 பேர் அளவுக்கு ப்ரீ-எக்லாம்ப்சியா. ஸ்ட்ரெச்சிங் செய்தவர்களில் 3 பேர்கூட இல்லை. இதைக் கேட்டு நடையை விட்டுவிடாதீர்கள், 79 பேர் ரொம்பச் சின்னக் கூட்டம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, மூச்சிரைக்க நடக்க முடியாதவர்கள் கை, கால், முதுகை நீட்டி மடக்குவதையும் சும்மா என்று நினைக்க வேண்டாம் என்பதைத்தான்.

சரி, எப்படி நடப்பது? வாட்ச்சில் இதயத் துடிப்பைப் பார்க்காதீர்கள், கர்ப்பத்தில் அது எப்படியும் கூடத்தான் இருக்கும். நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், அவ்வளவுதான். பேச்சு திணறினால் வேகத்தைக் குறையுங்கள். இதற்கு முன் பழக்கமே இல்லை என்றால் 10 நிமிடத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்கு மேல் வெளியே போகாதீர்கள், மொட்டை மாடியும் அப்போதே சூடாகிவிடும். வீட்டு ஹாலில் நடந்தாலும் கணக்குதான். ஐந்து மாதத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்கிற பயிற்சிகள் வேண்டாம். கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக் குழாயை அழுத்தி மயக்கம் வரும்.

"வீட்டு வேலை செய்கிறேனே, போதாதா?" என்பார்கள். கொஞ்சம் மூச்சு வேகமெடுக்கிற மாதிரி பெருக்கித் துடைத்தால் அதுவும் சேரும். அடுப்படியில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பது சேராது. அது கால் வீக்கத்தைத்தான் கூட்டும்.

இரண்டாவது வகைக்கு வருவோம். பி.பி. ஏறிவிட்டால், உடற்பயிற்சி விஷயத்தில் என் வீடியோ உட்பட எதையும் நம்ப வேண்டாம், உங்கள் டாக்டர் சொல்கிற அளவுதான். ப்ரீ-எக்லாம்ப்சியா என்று சொல்லிவிட்டால் உடற்பயிற்சி நிறுத்தம். ஆனால் குளிப்பது, சாப்பிடுவது, வீட்டுக்குள் நடமாடுவது வழக்கம்போல இருக்கலாம். நாள் முழுக்கப் படுத்தே கிடப்பதால் பி.பி. குறையும் என்பதற்கு ஆதாரம் இல்லை, காலில் ரத்தம் கட்டுகிற ஆபத்துதான் அதிகம்.

விடாத தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிப்பு வந்தால் ஆட்டோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு இதே கவனம் வேண்டும், அப்போதும் பி.பி. ஏறலாம். அதைப் பற்றி அடுத்த வீடியோவில் பேசுகிறேன்.